இந்த ரோடு யாருடையது?

ராமநாதபுரம் மாவட்டத்தில், மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கில் ஒரே ராத்திரியில் ஒரு வேகத்தடை முளைத்தது. முந்தின வாரம் பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வந்த பையன் மேல் மீன் ஏற்றிய குட்டியானை மோதி, அவனுக்குக் கால் முறிந்திருந்தது. இளவட்டங்கள் வீட்டுக்கு வீடு வசூல் பண்ணி, எங்கோ ரோடு வேலை நடந்த இடத்தில் மிச்சமிருந்த தாரையும் ஜல்லியையும் வாங்கி வந்து, விடிவதற்குள் போட்டு முடித்துவிட்டார்கள். நானும் 200 ரூபாய் கொடுத்தேன். அப்போது நான் ஊராட்சி வார்டு மெம்பர்.

மூன்றாம் நாள் இரவு, மாமியாரை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கீழக்கரையிலிருந்து வந்தேன். நான் காசு கொடுத்துப் போட்ட தடையிலேயே நான் விழுந்தேன். வெள்ளைக்கோடு இல்லை, போர்டு இல்லை, விலக்கு விளக்கும் எரியவில்லை. நடுரோட்டில் ஆடு படுத்திருப்பதுபோல் அத்தனை உயரம். எனக்குச் சிராய்ப்போடு போனது. அத்தைக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

மறுநாள் இதை யாரிடம் சொல்வது என்று கிளம்பினேன். ஊராட்சி அலுவலகத்தில், மெயின் ரோடு நம்முடையது இல்லை என்றார்கள். காவல் நிலையத்தில், தடை போடுவதும் எடுப்பதும் எங்கள் வேலை இல்லை என்றார்கள். நெடுஞ்சாலை அலுவலகத்தில், நாங்கள் அப்படி ஒரு தடை போடவே இல்லையே என்றார்கள். மூன்று பேர் சொன்னதும் உண்மை. அதுதான் வேடிக்கை. அன்றிலிருந்து பதவிக்காலம் முடியும்வரை நான் அலைந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். படித்து வந்தது இல்லை, படியேறி வந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் பக்கம் மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் பாதை பிரியும் இடத்துக்கு விலக்கு என்று பெயர். ஏர்வாடி விலக்கு, வாலிநோக்கம் விலக்கு என்று பஸ்ஸில் கண்டக்டர் குரல் கொடுப்பார். ஒரு நிழற்குடை, ஒரு டீக்கடை, பின்னால் கருவேலங்காடு. கடற்கரை ஊர்களின் சாலை விபத்துகளைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் இந்த விலக்கிலிருந்துதான் பேச வேண்டும்.

கல்லின் தலையைப் பாருங்கள்

எல்லா ரோடும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அவரைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, ஓரத்தில் நிற்கும் கிலோமீட்டர் கல். அதன் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கருப்போ நீலமோ என்றால் மாவட்டச் சாலை. ஆரஞ்சு நிறம், பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் போன்றவற்றில் போட்ட கிராமச் சாலைக்கு. கல்லே இல்லாமல் தெருவுக்குள் ஓடுவது பெரும்பாலும் ஊராட்சிக்கோ, பேரூராட்சிக்கோ, நகராட்சிக்கோ உரியது.

மதுரையிலிருந்து பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம் வழியாக தனுஷ்கோடிவரை போவது தேசிய நெடுஞ்சாலை 87. பெரியவர்கள் இன்னும் இதை என்.எச். 49 என்பார்கள், அது பழைய எண். கிழக்குக் கடற்கரைச் சாலை கதை வேறு. மாநில நெடுஞ்சாலையாக இருந்த அந்தச் சாலையின் பல பகுதிகள் இப்போது தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலுக்குப் போய்விட்டன. அதனால் ‘இது ஈ.சி.ஆர்., இன்னார் பொறுப்பு’ என்று மொத்தமாகச் சொல்ல முடியாது. நீங்கள் நிற்கும் இடத்துக் கல்லைத்தான் பார்க்க வேண்டும்.

சொந்தக்காரர் என்றால் என்ன வேலை? தார் போடுவது, குழி மூடுவது, வளைவுக்குத் தடுப்பு வைப்பது, கோடு அடிப்பது, போர்டு நடுவது, ஓரத்துக் கருவேலத்தை வெட்டுவது. கடைசியாகச் சொன்னது மற்ற மாவட்டங்களில் பெரிய விஷயமாக இருக்காது. எங்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஒரு மழை பெய்தால் போதும், சீமைக்கருவேலம் வளைவை முழுசாக மூடிவிடும். ‘பள்ளி அருகில், மெதுவாகச் செல்’ என்ற போர்டு கிளைக்குள் புதைந்து, மஞ்சள் பூ மட்டும் வெளியே தெரியும்.

சொந்தக்காரர் தன் வேலையைச் செய்யாவிட்டால்? மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு வந்தது. சாலை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் விதிக்கப்பட்ட தரத்தைக் கடைப்பிடிக்காமல் விட்டு, அதனால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அதிகாரத்துக்கோ ஒப்பந்தக்காரருக்கோ 1 லட்சம் ரூபாய்வரை அபராதம். எத்தனை பேருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பது தெரியும்? எனக்கு மெம்பரான பிறகும் தெரியாது. ஹெல்மெட் போடாததற்கு 1,000 ரூபாய் என்பது மட்டும் நல்லாத் தெரியும்.

ஊராட்சியின் கை எதுவரை நீளும்

உள்ளாட்சிக்கு அதிகாரமே இல்லை என்று பலரும் கையைக் கழுவிவிடுகிறார்கள். மெம்பர்களே சொல்வதுண்டு. பாதிதான் சரி.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. அதன் 110-ஆம் பிரிவு கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமைகளைச் சொல்கிறது. நெடுஞ்சாலையும் ஊராட்சி ஒன்றியச் சாலையும் நீங்கலாக, ஊருக்குள் இருக்கும் சாலைகள், சிறு பாலங்களைப் போட்டுப் பராமரிப்பது ஒன்று. பொது இடங்களுக்கும் தெருக்களுக்கும் விளக்குப் போடுவது இன்னொன்று. வேகம் எவ்வளவு என்று தீர்மானிக்க ஊராட்சியால் முடியாது. வண்டிக்கு பெர்மிட் கொடுக்க முடியாது. யாரையும் நிறுத்தி லைசென்ஸ் கேட்க முடியாது. ஆனால் விலக்கு இருட்டாக இருக்கிறதா வெளிச்சமாக இருக்கிறதா என்பது ஊராட்சியின் கையில். கம்பம் மின்வாரியத்துடையது, பல்பும் கரண்டு பில்லும் நம்முடையது. நான் விழுந்த இரவு எரியாத பல்புக்குப் பொறுப்பு என் ஊராட்சிதான். அதாவது நானும்தான்.

ஆடு மாடும் அப்படி. மழைக்காலத்தில் எங்கும் ஈரம், தார்ச்சாலை மட்டும் காய்ந்து கொஞ்சம் சூடாக இருக்கும். மொத்த மந்தையும் நடுரோட்டில் வந்து படுத்துக்கொள்ளும். கருப்பு மாடு, கருப்பு ரோடு, எதிரே வரும் வண்டியின் வெளிச்சம்: இதற்குமேல் விளக்கம் வேண்டாம். அலையும் கால்நடையைப் பிடித்துப் பவுண்டு என்ற பட்டியில் அடைத்து அபராதம் போட உள்ளாட்சிக்கு அதிகாரம் உண்டு. அந்த மாட்டின் சொந்தக்காரர் அடுத்த தேர்தலில் ஓட்டுப் போடுபவர் என்பதால் எத்தனை ஊராட்சிகள் அதைச் செய்கின்றன என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ராமநாதபுரம் மாவட்டத்தில் 429 கிராம ஊராட்சிகள். நகராட்சிகள் நான்கு: ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம். மண்டபம், தொண்டி, சாயல்குடி போன்றவை பேரூராட்சிகள். ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி என்று பெயரும் வருமானமும்தான் வேறு; ரோட்டோர வேலை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றே. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட எங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பின் கிராம ஊராட்சிகள் தனி அலுவலர் பொறுப்பில் போயின. மெம்பர் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் பி.டி.ஓ. என்ற வட்டார வளர்ச்சி அலுவலரின் அலுவலகப் படியேற வேண்டியதாயிற்று.

பத்து சென்டிமீட்டர்

நெடுஞ்சாலைப் பொறியாளர் ஒருவர் எனக்கு ஒரு வெள்ளைத்தாளில் வேகத்தடையை வரைந்து காட்டினார். இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு வகுத்த அளவு: அகலம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர். அதாவது ஒரு காரின் நீளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு, ஒரு சாண் உயரம்கூடக் கிடையாது. வண்டி ஏறுவதும் இறங்குவதும் தெரியாத மாதிரி வளைந்திருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உடம்பு குலுங்கக்கூடாது. முன்கூட்டியே எச்சரிக்கைப் போர்டு, மேலே பட்டை பட்டையாகப் பெயின்ட். எங்கள் பையன்கள் போட்டது இரண்டடி அகலம், ஓரடிக்குப் பக்கமான உயரம். “இது வேகத்தடை இல்லம்மா, சுவரு” என்றார்.

அதைவிட முக்கியமாக இன்னொன்று சொன்னார். வேகமாக ஓடும் நெடுஞ்சாலையின் குறுக்கே தடை போடக்கூடாது. அங்கே போட வேண்டியது, டயர் ஏறினால் தடதடவென்று சத்தம் கேட்கும் தடித்த குறுக்குப் பட்டைகள். உண்மையான வேகத்தடை வர வேண்டிய இடம் எங்கள் ஊர்ச் சாலை, மெயின் ரோட்டைத் தொடுவதற்குச் சற்று முன்பு. ஏனென்றால் விலக்கில் நடக்கும் மோதல்களில் பாதி, ஊருக்குள்ளிருந்து நிற்காமல் மெயின் ரோட்டில் ஏறுபவர்களால்தான்.

இதை ஊரில் சொன்னபோது யாருக்கும் பிடிக்கவில்லை. லாரிக்காரன் வேகமாகப் போவான், தடை நமக்கா? எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. ஒரு நாள் சாயங்காலம் டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஊருக்குள்ளிருந்து வந்த 31 வண்டிகளில் நின்று பார்த்து ஏறியவை நான்கு.

வேகத்துக்கும் கணக்கு உண்டு. 2018-ல் மத்திய அரசு வகுத்த உச்ச வரம்புப்படி, நடுவில் தடுப்பு இல்லாத சாதாரணச் சாலையில் காருக்கு 70, பைக்குக்கு 60, ஆட்டோவுக்கு 50 கிலோமீட்டர். மாநில அரசு இதைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. ஊராட்சி குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், அவ்வளவுதான்.

நடக்காத விபத்துகள்

போட வேண்டிய பட்டையைப் போட ஏன் தயக்கம்? இந்த இடத்தில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு உண்டு. காவல் கண்காணிப்பாளர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர், நெடுஞ்சாலைப் பொறியாளர்கள், உள்ளாட்சி, சுகாதாரத்துறை என்று எல்லாரும் ஒரே மேசையில் உட்காருவது இங்கேதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 215-ஆம் பிரிவில் இதற்கு முன்பே இடம் இருந்தது. ஆனால் நாடு முழுக்கக் கட்டாயமாக அமைக்கச் சொன்னது 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம். அந்த வழக்கைப் போட்டவர் நம்ம கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். உடைந்த எலும்புகளை ஒட்டவைத்துக்கொண்டே இருந்தவர், உடையாமல் இருக்க வழி கேட்டு 2012-ல் நீதிமன்றம் போனார்.

அந்தக் குழு எந்த இடத்தை முதலில் கவனிக்கும்? கரும்புள்ளி என்று குறிக்கப்பட்ட இடத்தை. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்து ஐந்து நடந்திருக்க வேண்டும். அல்லது பத்துப் பேர் இறந்திருக்க வேண்டும். அப்போதுதான் அது கரும்புள்ளி.

எங்கள் விலக்கில் மூன்று ஆண்டுகளில் எத்தனை விபத்து என்று ஊரில் கேட்டால் பதினொன்று, பன்னிரண்டு என்று விரல்விட்டு எண்ணுவார்கள். காவல் நிலையப் பதிவில் இரண்டு. மற்றதெல்லாம் என்ன ஆயிற்று? பேசி முடித்துவிட்டோம்.

எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். வண்டிக்காரர் சொந்தக்காரராக இருப்பார், அல்லது பக்கத்து ஊரில் சம்பந்தம் பண்ணினவராக இருப்பார். டீக்கடை பெஞ்சில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிச் செலவுக்கு இவ்வளவு என்று முடிவாகும். “கேசு கீசுன்னு போனா கோர்ட்டுக்குத்தான் நடக்கணும்ப்பா” என்று ஒருவர் சொல்வார், எல்லாரும் தலையாட்டுவார்கள். சைக்கிள் பையனின் கால் முறிவும் 15,000 ரூபாயில் முடிந்தது. அந்த வீட்டுக்கு அது நியாயமாகவே பட்டது. ஆனால் எஃப்.ஐ.ஆர். இல்லாத விபத்து அரசாங்கத்தின் கணக்கில் நடக்காத விபத்து. ஆட்சியர் மேசையில் எங்கள் விலக்கு பத்திரமான இடம்.

இப்போது விபத்து நடந்த இடத்துக்கே போய்க் காவலர்கள் கைபேசிச் செயலியில் விவரத்தைப் பதிகிறார்கள். ஐராட் என்று பெயர். உருவாக்கியதில் சென்னை ஐ.ஐ.டி.க்குப் பங்கு உண்டு. முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. எந்த இடம், எந்த நேரம், என்ன வண்டி, சாலை எப்படி இருந்தது என்பதெல்லாம் வரைபடத்தில் ஏறுகிறது. அருமையான ஏற்பாடுதான். ஆனால் பெஞ்சில் முடிந்த கேசு அதில் ஏறாது.

பேசி முடிப்பதில் வீட்டுக்கும் நஷ்டம் உண்டு. இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி அடையாளம் தெரியாவிட்டாலும், இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீடு உண்டு. 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த திட்டம். விசாரணை வருவாய்த்துறை வழியாக நடந்து ஆட்சியரிடம் முடியும். போலீஸ் பதிவு இல்லாமல் இது நகராது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனவரைக் கேசில் இழுக்கக்கூடாது என்பதும் 2019 திருத்தத்திலேயே சட்டமாகிவிட்டது. விலக்கில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களிடம் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

பெர்மிட் என்ற சொல்

எங்கள் ஊரில் பெர்மிட் என்றால் ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். ‘வண்டிக்கு பெர்மிட் இருக்கா’ என்று கேட்டால் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டுவார்கள். உள்ளே இருப்பவை வேறு வேறு. ஆர்.சி., இந்த வண்டி யாருடையது என்று சொல்வது. ராமநாதபுரம் என்றால் டிஎன் 65. எஃப்.சி., இது ஓடும் தகுதியில் இருக்கிறது என்று நம்ம ஆட்கள் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்று கூப்பிடும் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்துக் கொடுப்பது. வாடகை வண்டிக்கு முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பிறகு வருஷா வருஷம். பெர்மிட் இவை இரண்டும் இல்லை. இந்த வண்டியை வைத்து என்ன தொழில் செய்யலாம், யாரை ஏற்றலாம், எங்கே ஓட்டலாம் என்ற உரிமை அது. அதனால்தான் மஞ்சள் போர்டு வண்டிக்கு மட்டும் அந்தப் பேச்சு. சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டிக்கு இல்லை.

பெர்மிட் கொடுப்பது வட்டாரப் போக்குவரத்து ஆணையம். பஸ் வழித்தடம் போன்ற பெரிய விஷயங்களில் அதன் தலைமை மாவட்ட ஆட்சியரிடம். ‘எங்க ஊருக்கு மினிபஸ் விடுங்க’ என்று ஊராட்சித் தலைவரைப் பிடித்துப் பிரயோஜனமில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழியாக ஆட்சியரிடம்தான் போக வேண்டும். கிராமசபைத் தீர்மானத்தை இணைத்தால் மனுவுக்கு எடை கூடும்.

இனி ஒரு குழப்பமான இடம். குட்டியானைக்கு பெர்மிட் வேண்டுமா? மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. (இது வேறு விலக்கு, டீக்கடை இல்லாதது.) பேட்டரி ஆட்டோவுக்கும் 2018 முதல் பெர்மிட் தேவையில்லை. பெர்மிட் வேண்டாம் என்றதும் எதையும் ஏற்றலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் ஆபத்து.

ஆடி மாதம் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டப் போகும் குடும்பம். ஒரு லோடு வண்டி. மேலே தார்ப்பாய், கீழே பாய், பாத்திரம், கிடா, அதோடு இருபத்தைந்து பேர். விடிகாலையில் பாசி எடுக்கப் போகும் பெண்களும் இப்படித்தான் போகிறார்கள். அந்த வண்டி சரக்குக்காகப் பதிவானது. அதன் இன்சூரன்ஸ், ஏறி உட்கார்ந்த பயணிகளைக் காப்பாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. தன் மீன் கூடையோடு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து சந்தைக்குப் போகும் அக்கா சரக்கின் சொந்தக்காரர், அவர் நிலை வேறு. பின்னால் நிற்கும் இருபத்தைந்து பேருக்கு ஒன்றும் கிடையாது. வண்டி கவிழ்ந்தால் இழப்பீட்டை வண்டிக்காரர் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும்; அவரிடம் இருப்பதே அந்த வண்டி ஒன்றுதான். நானே இப்படிப் போயிருக்கிறேன், கல்யாணமான புதிதில், ஒரு கையில் குழந்தையும் மறு கையில் குத்துவிளக்குமாக. வேன் வாடகை மூன்று மடங்கு. அதை யாரும் மறுக்க முடியாது.

பதினாலு வயதுப் பையனிடம் எக்ஸ்எல்லைக் கொடுத்து ஐஸ் பெட்டி எடுத்துவரச் சொல்பவர்களுக்கு ஒரு வரி: பிடிபட்டால் கேசு பெற்றோர் மேலும் வண்டிச் சொந்தக்காரர் மேலும். 25,000 ரூபாய் அபராதம், மூன்றாண்டுவரை சிறை.

தீவுக்குள்

ராமேஸ்வரத்துக்குப் போனால் இந்தச் சிக்கல் முழுசாகத் தெரியும். ஆந்திரா, கர்நாடகாவிலிருந்து வரும் சுற்றுலா பஸ்கள் அகில இந்திய பெர்மிட்டோடு வருகின்றன. நகராட்சி அவற்றை ‘வராதே’ என்று சொல்ல முடியாது. ‘எங்கே நிற்பது’ என்பதில் மட்டும் அதற்கு வாய் உண்டு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆம் பிரிவுப்படி, வண்டி நிறுத்துமிடத்தை உள்ளாட்சியைக் கலந்துதான் முடிவு செய்ய வேண்டும். நிறுத்துமிடக் கட்டணத்தை நகராட்சிகள் ஏலம் விடுவது வழக்கம். எடுத்தவர் கட்டண போர்டு வைக்க வேண்டும், ரசீது கொடுக்க வேண்டும். போர்டில் இல்லாத தொகையைக் கேட்டால் ரசீதைப் படமெடுத்து ஆணையருக்கு அனுப்புங்கள்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை வந்தால் அக்னி தீர்த்தத்துப் பக்கம் வண்டி விட மாட்டார்கள், ஒருவழிப் பாதையாக்குவார்கள். இது 115-ஆம் பிரிவு. ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு அரசிதழில் வெளியிட வேண்டியதில்லை, உள்ளூரில் அறிவித்தால் போதும். ‘திடீர்னு மறிச்சுட்டாங்க’ என்று தோன்றுவதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அக்டோபர் 30-ஐ ஒட்டிப் பசும்பொன் போகும் வண்டிகளுக்குப் போலீசிடம் முன்கூட்டி அனுமதிச்சீட்டு வாங்கச் சொல்வதும் இதே மாதிரியான தற்காலிக ஏற்பாடுதான்.

பாம்பன் சாலைப் பாலம் 1988-ல் திறந்தது, இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதன் ஒரு முனையில் மண்டபம் பேரூராட்சி, மறுமுனையில் பாம்பன் ஊராட்சி. பாலமோ இரண்டுக்கும் சொந்தமில்லை, அது தேசிய நெடுஞ்சாலை. 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்த பிறகு ரயில் பார்க்க நிற்பவர்கள் கூட்டம் தாங்கவில்லை. நடுப்பாலத்தில் காரை நிறுத்தி, கதவைக் கடல் பக்கம் திறந்து, குழந்தையைக் கைப்பிடிச் சுவரில் ஏற்றி வைத்துப் படம். பாலத்தில் நிறுத்தத் தடை, போலீஸ் அபராதம் போடும். மீன் வண்டிகள் இன்னொரு தலைவலி. ஐஸ் உருகி, மீன் கழிவோடு உப்புத்தண்ணீர் ஒழுகிக்கொண்டே போகும். பைக் வழுக்கும், பாலத்தின் இணைப்பு இரும்பும் அரிக்கும். ஒழுகவிடும் வண்டியைப் பிடிப்பது போலீசும் ஆர்.டி.ஓ.வும், வழுக்கும் பாலத்தைக் கழுவி எடுப்பது நெடுஞ்சாலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் பாலம் காய்ந்து கிடக்கும்.

அங்கிருந்து தனுஷ்கோடி போகும் ரோடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1964 புயலில் போன ஊருக்கு, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைவரை 9.5 கிலோமீட்டர், 2017-ல்தான் தார் ரோடு வந்தது. இரு பக்கமும் கடல். காற்று மணலை அள்ளி ரோட்டில் கொட்டிக்கொண்டே இருக்கும். பைக்கில் போகிறவர்கள் நேர் ரோடுதானே என்று முறுக்காதீர்கள். தார் தெரியாத இடத்தில் டயர் மணலில் போகிறது என்று அர்த்தம்.

மனுவில் என்ன எழுத வேண்டும்

பேனர், குழாய்க்காக ரோடு வெட்டுவது, ஊர்வலம், மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் எல்லாவற்றுக்கும் அனுமதி தனித்தனி. சுருக்கமான சூத்திரம் ஒன்றுதான்: தரை யாருடையதோ அவரிடம் ஒரு சம்மதம், கூட்டம் கூடுவதற்குப் போலீசிடம் ஒரு அனுமதி. ரோடு வெட்டுபவர் அதைத் திரும்பச் சீராக்கும் செலவை முன்கூட்டியே கட்ட வேண்டும். கட்டியும் சீராகாத பள்ளங்கள் எத்தனை என்று கேட்காதீர்கள்.

என் முதல் மனுவில் ‘விபத்து அதிகம் நடப்பதால் தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதினேன். அந்த ‘தக்க நடவடிக்கை’யை யாராலும் செய்ய முடியாது, ஏனென்றால் அது என்ன என்று நானே சொல்லவில்லை. இரண்டாவது மனு வேறு மாதிரி. கிலோமீட்டர் கல்லின் எண், அதிலிருந்து எத்தனை மீட்டர், எந்தப் பக்கம். இரண்டு எஃப்.ஐ.ஆர். எண்கள். பதிவாகாத விபத்துகளுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டுகளின் நகல், அத்தையுடையதையும் சேர்த்து. கருவேலம் மூடிய போர்டின் படம், டீக்கடையில் எண்ணிய கணக்கு. கேட்டது நான்கே: ஊர்க்காரர்கள் போட்ட தடையை எடுக்கவும், அங்கே குறுக்குப் பட்டை போடவும், கருவேலத்தை வெட்டவும், வளைவில் ஒளிரும் குச்சிகள் நடவும். இதை ஆகஸ்ட் 15 கிராமசபையில் தீர்மானமாக வைத்து, திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் நாளில் கொடுத்து, ரசீது வாங்கினேன். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033, மற்ற எதற்கும் முதல்வர் உதவி மைய எண் 1100 என்று ஃபோனிலும் சொல்லலாம். ஆனால் தாளில் வாங்கிய எண்ணுக்குத் தனி மரியாதை உண்டு.

ஒன்பது மாதம் ஆனது. ஜேசிபி வந்து தடையைப் பெயர்த்தது, பட்டை போட்டார்கள், சாலைப் பணியாளர்கள் கருவேலத்தை வெட்டினார்கள். ஊர்ச் சாலையில் அளவான வேகத்தடை ஒன்றை ஊராட்சி நிதியில் நாங்களே போட்டோம். மூன்று மாதம் என்னைத் திட்டினார்கள். பல்பையும் மாற்றினோம். கருவேலம் இப்போது திரும்பவும் இடுப்பளவு வந்துவிட்டது. போன மாதம் பல்பும் போய்விட்டது. தனி அலுவலரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ரசீது எண் அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

அத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் அந்த வேகத்தடைக்கு முன்னால் என் தோளைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொல்கிறார். இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து கடந்து, அந்தப் பக்கம் போய் ஏறிக்கொள்கிறார். “அத்தை, இது பத்து சென்டிமீட்டர்தான், அளந்து போட்டது” என்றேன்.

“ஏத்தா, இதுக்கும் நீ இருநூறு ரூவா குடுத்தியா?” என்றார்.